அடியா, பிழையா?

ரோண்டாவின் கையிலிருந்து முட்டை நழுவியது. அது தரையில் உடைந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், சாப்பாட்டு மேசையில் பத்திரிகைக்குள் தலையை விட்டிருந்த வெண்டல் புரோஹாஸ்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடது கையை உயர்த்தி, விரல்களை மடக்கி முஷ்டி காட்டினார். முஷ்டி என்றால் பிழை. ஒற்றை விரல் என்றால் பிடிக்கத் தவறியவன் மேல் குற்றமில்லை. அந்த வீட்டில் ஒற்றை விரல் உயர்ந்து வெகுநாளாகிறது.

“சாதாரண முயற்சியில பிடிச்சிருக்கலாம்,” என்றார்.

“கை ஈரம், வெண்டல்.”

“ஈரத்துக்குச் சலுகை கிடையாது. வெயில் கண்ணுல அடிச்சிருந்தா சொல்லு, யோசிக்கலாம்.”

எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வெள்ளைப் பலகையில் ரோண்டாவின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். பலகையோடு ஒரு பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. அதை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஜனவரி முதல் தேதி எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். இன்றைய நிலவரம்: ரோண்டா பதினாலு, வெண்டல் பூஜ்யம்.

“எழுதறவனும் நீ, ஆடறவனும் நீ. பூஜ்யத்தைத் தவிர வேற என்ன இருக்கும்?” என்பாள் ரோண்டா, தரையைத் துடைத்துக்கொண்டே. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இதை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று அவரே எங்காவது குறித்து வைத்திருக்கக்கூடும்.

மில்பர்னில் வெண்டலைத் தெரியாதவர்கள் இல்லை. வாரநாட்களில் அவர் எடை அளவு ஆய்வாளர். கடைத் தராசு, சோளக் கிடங்கின் லாரி எடைமேடை, பெட்ரோல் பம்பு எல்லாம் சொன்னபடி அளக்கின்றனவா என்று பார்த்து முத்திரை ஒட்டுவார். ஆட்ட நாட்களில் ஆற்றங்கரை மைதானத்தில், மில்பர்ன் நாரைகளின் அதிகாரபூர்வப் பதிவாளர். நாரைகள் என்பது ஊரின் பேஸ்பால் அணி. பெரிய அணி ஒன்று தன் பையன்களைப் பழுக்கவைக்க அனுப்பிவைக்கும் கீழ்ப்படி அணிகளில் ஒன்று. பையன்கள் பத்தொன்பது, இருபது வயதில் வருவார்கள். தேறியவர்கள் மேலே போவார்கள், தேறாதவர்கள் வீட்டுக்குப் போவார்கள். ஊரில் இரு சாராருமே நிலைப்பதில்லை.

பதிவாளரின் வேலை கேட்பதற்குச் சின்னது. மட்டையில் பட்ட பந்து தரையில் விழுந்ததா? அது அடித்தவனின் திறமையா, பிடிக்கத் தவறியவனின் பிழையா? அடி என்றால் ஓட்டங்கள் பந்தெறிந்தவன் தலையில் விழும். பிழை என்றால் பிடிக்காதவன் தலையில். யாராவது ஒருவன் தலையில் விழுந்தே ஆகவேண்டும். “சாதாரண முயற்சி போதுமா, போதாதா? அவ்வளவுதான் கேள்வி. நடுவுல ஒண்ணும் கிடையாது” என்பார் வெண்டல். பத்தொன்பது வருஷமாக இதையே சொல்கிறார். ஒரு தீர்ப்பையும் மாற்றியதில்லை.

இந்தக் கை அவருக்கு எங்கேயும் அடங்காது. மச்சினியின் கல்யாணத்தில் பாதிரியார் மணப்பெண் பெயரை மாற்றிச் சொன்னபோது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு முஷ்டி உயர்ந்ததைச் சபையே பார்த்தது. பல் மருத்துவர் ஊசியைத் தவறான பக்கம் போட்ட அன்றும் உயர்ந்ததாம். வாயைத் திறந்தபடி, நாற்காலியில் சாய்ந்தபடி.

மைதானத்தில் அவருடைய இடம் மேலே ஒரு மரப்பெட்டி அறை. பக்கத்தில் ட்ரூடி. மைதானத்து ஓட்ட எண்ணிக்கைப் பலகையின் விளக்குகளை இயக்குகிறவள், அறுபதைத் தாண்டியவள், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பாள். வெண்டல் ஒற்றை விரல் காட்டினால் அடி, ட்ரூடி ஒரு பொத்தான்; முஷ்டி காட்டினால் பிழை, இன்னொரு பொத்தான். அந்த அறையில் யாரும் கைதட்டக்கூடாது என்பது வழக்கம். வெண்டல் தட்டுவதில்லை, சாப்பிடுவதுமில்லை. ஒருமுறை பன்றியிறைச்சி ரொட்டியிலிருந்து ஒழுகிய கடுகுச்சாறு தாளில் விழுந்து ஒரு பிழையை மறைத்துவிட்டது. அன்றோடு விட்டார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தாளின் ஓரத்தில் வானத்தைக் குறிப்பார்: வெயில், மேகம், காற்று. ஏன் என்றால், உயரப் போன பந்து வெயிலில் தொலைந்துபோனால் அதைப் பிழை என்று எழுதுவதில்லை. பேஸ்பாலில் மனுஷனுக்குக் கிடைக்கிற ஒரே மன்னிப்பு அதுதான் என்று அவர் நினைத்தார்.

ஆட்டம் முடிந்ததும் தொலைபேசி அடிக்கும். குரல் கொதிக்கும் ஒரு பையன் பேசுவான். பத்தொன்பது வருஷமும் கேள்வி ஒன்றேதான்: “சார், அது எப்படிப் பிழையாகும்? பந்து துள்ளிடுச்சு சார்.” பதிலும் ஒன்றேதான்: “நல்லா ஓடினே தம்பி. எழுதினது எழுதினதுதான்.” டக்கென்று வைத்துவிடுவார். பிழையைக் கழிக்கச் சொல்லியும் அடியைச் சேர்க்கச் சொல்லியும் கேட்டவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் இந்த ஏப்ரலில் வழுக்கி விழுந்தார்.

கேலன் டுப்ரே என்று ஒரு பையன் வந்தான். லூசியானாக்காரன். இருபது வயது. ஒல்லி உடம்பு, நீளக் கால், எதற்கெடுத்தாலும் “சார்”. வெளிக்களத்தில் நடுவில் நிற்பவன். வந்த முதல் வாரமே தலைக்கு மேல் போன பந்தைத் துரத்தி, வேலிக்கு முன்னால் பறந்து விழுந்து பிடித்தான். அந்தக் குளிரிலும் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. வெண்டல் மட்டும் பைனாகுலரை இறக்கிவைத்துவிட்டு, பையிலிருந்து புதிதாக ஒரு பச்சை நோட்டை எடுத்து எழுதினார்: “முதல் அடி முன்னே வைத்தான். தப்பு. பந்து பின்னே போகிறது. காலில் வேகம் இருப்பதால் பிழைத்தான்.”

பந்து மட்டையில் பட்ட அந்தக் கணத்தில் கால் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் வெளிக்களக்காரனின் எதிர்காலம் இருக்கிறது. பறந்து விழுகிறவன் பெரும்பாலும் தப்பாகக் கிளம்பியவன். இதைக் கூட்டம் பார்க்காது, கூட்டத்தின் கண் பந்தோடு போய்விடும். வெண்டல் பந்தைப் பார்க்கவில்லை. பையனின் காலைப் பார்த்தார். ஏப்ரலில் தலைக்கு மேல் போனவை பதினாலு, முதல் அடி முன்னே வைத்தது ஒன்பது. மே மாதம் பதினேழுக்கு ஆறு. பையன் தினமும் மதியமே மைதானத்துக்கு வந்து, பயிற்சியாளரை மட்டையால் பந்தை உயர அடிக்கச் சொல்லி, காலை மட்டும் பழக்கிக்கொண்டிருந்தான். மட்டையிலும் ஒரு குறை. மெதுவாக வளைந்து வரும் பந்துக்கு அவசரப்பட்டு முன்னாலேயே வீசிவிடுவான். “பொறு தம்பி, பொறு” என்று நோட்டில் எழுதியிருக்கிறது. பதிவாளர் நோட்டில் எழுதுகிற வார்த்தையா அது!

ஜூனில் பத்தொன்பதுக்கு இரண்டு. ஜூலை வந்தபோது பையன் பறப்பதை நிறுத்திவிட்டான். பந்து கிளம்பும்போதே கிளம்பி, அது இறங்கும் இடத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவன்போல நின்று பிடித்துக்கொண்டான். கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “முன்ன மாதிரி இல்ல இந்தப் பையன்,” என்றாள் ட்ரூடி, விதையைத் துப்பியபடி. வெண்டல் பைனாகுலரை இறக்கவில்லை. மேசைக்குக் கீழே அவருடைய வலது கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ட்ரூடி அதையும் பார்த்தாள்.

பதிவாளர் யார் பக்கமும் சாயக்கூடாது. ஆகவே பச்சை நோட்டு ரகசியம். ரோண்டா கேட்டபோது, பெட்ரோல் பம்பு அளவுக் குறிப்பு என்று சொல்லிவைத்தார். துணி துவைக்கும்போது சட்டைப்பையிலிருந்து அதை எடுத்த ரோண்டா ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு வந்து கேட்டாள்: “பெட்ரோல் பம்புக்கு இடது கால் எதுக்கு, வெண்டல்?”

அவர் பத்திரிகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“‘இன்னிக்குச் சாப்பிட்டானோ என்னவோ, முகம் வாடியிருக்கு’ன்னு எழுதியிருக்கே. எந்தப் பம்பு அது? ஏழாம் தெருவா?”

ரோண்டா அதற்குமேல் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

டுப்ரேயோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவன் கோடி வான்ஹார்ன். பந்தெறிபவன். இருபத்தைந்து வயது, நாரைகளோடு இது மூன்றாவது வருஷம். அந்த வயதில் அந்தப் படியில் நிற்பவனுக்குக் கீழே வேறு படி இல்லை. ஆனால் சிரிப்புக் குறையாதவன், காலையில் எழுந்து இரண்டு பேருக்கும் முட்டை பொரித்து வைப்பவன். தலைக்கு மேல் போகும் பந்தைத் துரத்தப் பையனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். ஜூலைக் கடைசியில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. வரும் செவ்வாய்க்கிழமை பெரிய அணியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தாள்களைப் பார்த்து, டுப்ரேயை மேலே கொண்டுபோவதா, வான்ஹார்னை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். டுப்ரே எண்பது ஆட்டம் ஆடியிருந்தான். ஒரு பிழை இல்லை. வெண்டல் இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம். தராசுக்கு முத்திரை ஒட்டுகிறவருக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்ததோ.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எண்பத்தோராவது ஆட்டம். எறிந்துகொண்டிருந்தவன் வான்ஹார்ன். ஆறாவது சுற்று. எதிரணியில் இரண்டு பேர் அவுட், ஓட்டத்துக்குக் காத்துத் தளங்களில் இரண்டு பேர். இன்னும் ஒருவன் அவுட்டானால் சுற்று முடிந்தது. மட்டை பட்டது. பந்து நடுவெளிக்கு உயரக் கிளம்பியது. எழுபது தடவை அவன் பிடித்த பந்து.

டுப்ரே முன்னே வந்தான். ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவது அடியும் வைத்துவிட்டான். அப்புறம்தான் திரும்பினான். பந்து அவனுக்குப் பின்னால் எட்டாத தூரத்தில் விழுந்து வேலிக்கு உருண்டது. இரண்டு ஓட்டம். அடுத்து வந்தவன் முதல் பந்தையே வேலிக்கு அப்பால் அனுப்பினான். இன்னும் இரண்டு.

ஆனால் அந்த இரண்டாவது இரண்டு வருவதற்கு முன்னால், ட்ரூடி பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெண்டலின் கை மேசையில் கிடந்தது. வழக்கமாகப் பந்து தரையைத் தொடுமுன்பே உயர்ந்துவிடும் கை.

“வெண்டல்? கை தூங்கிடுச்சா?”

அவர் கையை உயர்த்தினார். ஒற்றை விரல்.

ட்ரூடி விதை கொறிப்பதை நிறுத்தினாள். “அடியா?”

“வெயில்,” என்றார் வெண்டல். “கண்ணுல அடிச்சிருக்கு.”

ட்ரூடி வானத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். நான்கு ஓட்டமும் வான்ஹார்ன் பெயரில் ஏறியது. பயிற்சியாளர் வந்து அவன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். அவன் தலையைக் குனிந்து நடந்துபோனபோது நடுவெளியில் டுப்ரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கீழே கூட்டத்தோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்த ரோண்டா வண்டி ஜன்னலுக்கு வெளியே சோளக்கொல்லையைப் பார்த்தபடி வந்தாள். வாசலில் வண்டி நின்றதும் சொன்னாள்: “ஆறாவது சுற்றுல நான் தொப்பியைக் கழட்டி மடியில வச்சிருந்தேன். எனக்கு வெயில் ஆகாதுன்னு உனக்குத் தெரியும்.”

“மேலே வேற மாதிரி இருந்திருக்கும்.”

“மேலே வேற சூரியனா?”

அன்று ரோண்டா சுட்ட பாதாமிப்பழம் வைத்த கோலாச் என்ற இனிப்பு ரொட்டியை அவர் தொடவில்லை. மேசையில் ஆட்டத்தாளை விரித்துவைத்துப் பார்த்தார். ஆறாவது சுற்றின் ஓரத்தில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: மேகம். பக்கத்தில் பச்சை நோட்டு. அதிலும் அவர் கையெழுத்துத்தான்: “முதல் அடி முன்னே. ஏப்ரல் திரும்பி வந்துவிட்டது.” கை பொய் காட்டிய அதே நிமிஷத்தில் அதே கை உண்மையையும் எழுதிவைத்திருந்தது. பழக்கதோஷம். எரிச்சலாக வந்தது அவருக்கு, தன்மேல்.

ஆனாலும் மாற்றவில்லை. மாற்ற ஒரு நாள் அவகாசம் உண்டு. திங்கட்கிழமை மாலை நாலு மணிவரை. எழுதினது எழுதினதுதான் என்று பத்தொன்பது வருஷம் சொன்ன வாய், இப்போது அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

திங்கட்கிழமை அணிக்கு விடுமுறை. வெண்டல் ஏழாம் தெரு பெட்ரோல் நிலையத்தில் எஃகு அளவுக் குவளையைக் கீழே வைத்து, பம்பிலிருந்து நிரப்பி, குனிந்து குவளையின் கழுத்துக் கண்ணாடியிலிருந்த அளவுக் கோட்டைக் கண்மட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு நீளக் கால்கள் வந்து நின்றன. நான்கு மாதமாக அவர் பைனாகுலரில் பார்த்த கால்கள். முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது.

“சார், நான் கேலன் டுப்ரே.”

“தெரியும்.” குவளையில் அளவு எங்கே நின்றது என்பது அவர் கண்ணிலிருந்து போய்விட்டது.

பையன் எதற்கு வந்திருப்பான் என்று அவருக்குத் தெரியும் என்று நினைத்தார். நேற்று மூன்றாவது சுற்றில் அவன் அடித்த பந்தை எதிரணிக்காரன் கைநழுவவிட்டதைப் பிழை என்று எழுதியிருந்தார். அதை அடியாக்கச் சொல்லி வந்திருக்கிறான். சொல்லவேண்டியதைத் தயாராக வைத்துக்கொண்டார்.

“நல்லா ஓடினே தம்பி. எழுதினது...”

“ஆறாவது சுற்று, சார். அதை என் பேர்ல பிழைன்னு எழுதணும்.”

இருநூறு பேரில் ஒருவன்கூடக் கேட்காதது.

“வெயில்...” என்றார்.

“வெயிலே இல்ல சார். நான் முன்னாடி கால் வச்சிட்டேன். ஏப்ரல்ல பண்ணின அதே தப்பு. பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு காலுக்குத் தெரிஞ்சுபோச்சு போல.”

“அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு கோடி சொன்னான் சார். அந்த மேல் ரூம் பெரியவர் பைனாகுலரை எறியறவன் மேல வைக்கறதே இல்ல, உன் கால் மேலதான் வச்சிருக்கார்னு ரொம்ப நாளா கிண்டல் பண்ணுவான். கீழ எல்லாருக்கும் தெரியும்.”

வெண்டல் குவளையின் கைப்பிடியைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

“கோடியா அனுப்பினான்?”

“இல்ல சார். போகாதடான்னான். ‘நான் எறிஞ்சது, நான் வாங்கிக்கறேன். நீ மேலே போற வழியைப் பாரு’ன்னான். காலையில முட்டை பொரிச்சான் சார், வழக்கம் போல. எனக்கு இறங்கல.”

“தம்பி, நாளைக்கு அவங்க வர்றாங்க. எண்பத்தோரு ஆட்டம். ஒரு பிழை இல்ல. இது எத்தனை பெரிய விஷயம்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.” பையன் பேச்சைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. “எண்பது என்னோடது. ஒண்ணு நீங்க குடுத்தது. அதை வச்சுக்கிட்டு நான் எப்படி மேலே போவேன்?”

சொல்லிவிட்டு, “நேரம் எடுத்துக்கிட்டதுக்கு மன்னிச்சுக்குங்க சார்,” என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். நடையைப் பார்த்தார் வெண்டல். திரும்பிய முதல் அடி பின்னே, இடது காலில். சரியான அடி.

குவளையைக் காலி செய்து, மறுபடி நிரப்பி, மறுபடி குனிந்தார். மூன்று தடவை. கடைக்காரர் வெளியே வந்தார். “என் பம்பு கோளாறா, வெண்டல்?”

“உன் பம்பு சரியாத்தான் இருக்கு. அளக்கறவன்தான் கோளாறு,” என்றார்.

மூன்று மணிக்கு வண்டிக்குள் உட்கார்ந்து ஆட்டங்களை நடத்தும் சங்கத்தின் அலுவலகத்துக்கு அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள். மில்பர்ன் ஆட்டம், ஆறாவது சுற்று, நடுவெளி, அடியைப் பிழையாக மாற்றவேண்டும். பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் ஊரை மறுபடி சொல்லச் சொன்னாள். மில்பர்னிலிருந்து திருத்தம் வந்து அவள் பார்த்ததில்லை.

“காரணம் என்னன்னு போடட்டும் சார்? கோணம் சரியில்ல, மறைச்சுது, இப்படி ஏதாவது?”

“மறைக்கல. நல்லாத் தெரிஞ்சுது. மேகம் இருந்துச்சு, பதிவாளர் அதையும் குறிச்சார். குறிச்சிட்டு வேற மாதிரி காட்டினார்.”

“அதுக்குக் கட்டம் இல்லையே சார்.”

“‘இதர’ன்னு இருக்கும் பாரும்மா. அதுல போடு.”

அந்தப் பந்தோடு சுற்று முடிந்திருக்கவேண்டும் என்பதால், நான்கு ஓட்டங்களும் வான்ஹார்ன் பெயரிலிருந்து இறங்கின. எண்பத்தோரு ஆட்டத்தில் டுப்ரேக்கு ஒரு பிழை ஏறியது. தன் கையாலேயே அந்தப் பையன் மேலே போகும் ஏணியின் ஒரு படியை உடைத்துவிட்டோமோ என்று வீடு வந்து சேரும்வரை வெண்டல் யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை பெரிய அணியின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் தாள்கள். மாலைக்குள் செய்தி ட்ரூடி வழியாக மேல் அறையில் அவருக்கு வந்தது. வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் வான்ஹார்ன் இல்லை. டுப்ரேயைப் பற்றி: “நல்ல பையன், அவசரமில்லை, இந்த வருஷம் முழுக்க இங்கேயே ஆடட்டும்.” அந்த ஒரு பிழையால் அப்படிச் சொன்னார்களா, வளைந்து வரும் பந்துக்கு அவன் இன்னும் அவசரப்படுகிறான் என்பதாலா, யாருக்கும் தெரியவில்லை.

செய்தியைக் கேட்டதும் வெண்டலுக்குள் முதலில் எழுந்தது மகிழ்ச்சி. பையன் செப்டம்பர்வரை இருப்பான். அடுத்த கணம் அந்த மகிழ்ச்சியை நினைத்து அவருக்கு அவமானமாக இருந்தது. மேலே போகவேண்டியவன் இங்கேயே கிடப்பதில் உனக்கு என்ன சந்தோஷம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கால் மட்டும் மேசைக்கடியில் தாளம் போட்டது. ட்ரூடி இதையும் பார்த்தாள். “உன் காலும் முன்னாடிதான் போகுது வெண்டல்,” என்றாள்.

புதன்கிழமை காலை. ரோண்டா அடுப்பில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட நழுவவில்லை. வெண்டல் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் போனார்.

“நான் என்ன செஞ்சேன் இப்ப?” என்றாள் ரோண்டா. “கரண்டியைக்கூட நான் கீழே போடல.”

பலகையில் கட்டியிருந்த நூலின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வருஷக்கணக்கில் இறுகிப்போன முடிச்சு, நகத்துக்கு அகப்படவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்துப் பேனாவை விடுவித்தார். அதை ரோண்டாவின் ஈரக் கையில் வைத்து, தன் பெயருக்கு நேரே அவள் கை எட்டும்படி, ஃபிரிட்ஜை விட்டு நகர்ந்து நின்றார்.